மலையில் மாடு தேற்ற எது கட்டும்: மொலாசஸா, மக்காச்சோளமா, கேரட் உடைசலா?

கேத்தி பாலாடா பக்கத்திலிருந்து ஒரு தம்பி போன மாதம் கேட்டார்: "அண்ணா, நாலு காளைக்கன்னு நிக்குது. கீழே இருந்து மொலாசஸ் ஒரு டிரம் எறக்கிடலாமா, இல்ல மக்காச்சோள மாவே போடவா? கேரட் உடைசல் சும்மாவே கிடைக்குது, அதுலயே தேத்திரலாமா?" மொலாசஸ் என்பது ஆலையில் சர்க்கரை எடுத்த பிறகு மிஞ்சும் கரும்புப் பாகு. இதே கேள்வியைக் கோத்தகிரியிலிருந்து ஒருவரும் கூடலூரிலிருந்து இன்னொருவரும் கேட்டுவிட்டார்கள். மூவருக்கும் ஒரே பதில் சொல்ல முடியவில்லை. ஏன் முடியவில்லை என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நீலகிரியில் யாரும் நூறு மாடு கட்டிக் கொழுக்க வைப்பதில்லை. பால் மாடு வைத்திருக்கும் வீட்டில் பிறந்த ஜெர்சி கலப்புக் காளைக்கன்றுகள், இரண்டு எருமைக் கிடா, கறவை வற்றி இளைத்த ஒரு பசு, இவ்வளவுதான் கணக்கு. இவற்றைத் தேற்றி நல்ல உடம்போடு கைமாற்றுவதுதான் வேலை. அதனால் பெரிய பண்ணைகளுக்குச் சொல்லும் தீவன அட்டவணையை அப்படியே இங்கே கொண்டுவர முடியாது.

## எதை வைத்து எடை போடுவது

நான் ஐந்து விஷயங்களைப் பார்ப்பேன்.

முதலாவது, ஒரு மெகாஜூல் எரிசக்தி தொழுவத்துக்கு வந்து சேரும்போது என்ன விலை ஆகிறது. கிலோ விலை இங்கே ஏமாற்றும். மலையேறும் லாரிக்கு எடை மட்டுமே கணக்கு. உள்ளே இருப்பது சத்தா தண்ணீரா என்று அது பார்க்காது.

இரண்டாவது, உள்ளே போன எரிசக்தியில் எவ்வளவு உடம்பாக மாறுகிறது. இது தீவனத்துக்குத் தீவனம் மாறும்.

மூன்றாவது, கூடவே எவ்வளவு புரதமும் தாது உப்பும் வாங்க வேண்டியிருக்கிறது.

நான்காவது, ஆபத்து. யூரியா, தொண்டை அடைப்பு, வயிறு உப்புசம், மருந்து எச்சம் எல்லாம் இதில் வரும்.

ஐந்தாவதைப் பலர் கணக்கில் சேர்ப்பதே இல்லை. அது நாட்கள். கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் மொத்தக் கணக்கின் அடித்தளமே இதுதான்.

200 கிலோ எடையுள்ள ஒரு கன்று, ஒரு கிராம்கூட ஏறாமல் உயிரோடு நிற்பதற்கே நாளுக்குச் சுமார் 27 மெகாஜூல் எடுத்துக்கொள்ளும். அதற்கு மேல் ஒரு கிலோ உடம்பு ஏற ஏறக்குறைய 35 மெகாஜூல் வேண்டும். 60 கிலோ ஏற்ற நினைக்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். நாளுக்கு 250 கிராம் ஏறினால் 240 நாள் ஆகும். உயிர் நிற்கச் செலவு 6,480, உடம்பு ஏறச் செலவு 2,100, ஆக 8,580 மெகாஜூல். நாளுக்கு 600 கிராம் ஏறினால் 100 நாள் போதும். 2,700-உம் 2,100-உம் சேர்ந்து 4,800 மெகாஜூல்தான். கன்று பெருக்கப் பெருக்க உயிர் நிற்கும் செலவும் கூடும். எளிமைக்காக அதை விட்டுவிட்டேன். அப்படியும் இடைவெளி 3,780 மெகாஜூல். மக்காச்சோளமாகச் சொன்னால் 315 கிலோ. அரைவயிறாக எட்டு மாதம் வைத்திருப்பவர் அந்த 315 கிலோவை யாருக்கும் பயனில்லாமல் எரித்துவிடுகிறார். "சும்மா கிடைக்கிற தீவனம்" என்று சொல்லும்போதெல்லாம் இந்தக் கணக்கை நினைத்துப் பாருங்கள்.

இதோடு மலைக் குளிரும் சேர்கிறது. உதகை 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஆனால் உலர்ந்த குளிர், வயிறு நிறைந்த மாட்டை அவ்வளவாகப் பாதிக்காது. அசை போடும் வயிற்றுக்குள் நடக்கும் நொதித்தலே அதற்குக் கணப்பு. உடம்பு நனைந்து, காற்றும் அடித்தால்தான் தீவனம் சூடாக மாறி வீணாகிறது. தீவனத்தை மாற்றும் முன் கூரை ஒழுக்கையும் ஈரத் தரையையும் சரி செய்யுங்கள். இதைவிட மலிவான எரிசக்தி எனக்குத் தெரிந்து இல்லை.

## ஒரே பார்வையில்

கீழே உள்ளவை தோராயமான அளவுகள். ரகத்துக்கும் ஈரத்துக்கும் தகுந்தபடி கொஞ்சம் மாறும்.

| தீவனம் (1 கிலோ, வரும் நிலையில்) | உலர்பொருள் | உடலுக்குக் கிடைக்கும் எரிசக்தி | 1 கிலோ மக்காச்சோளத்துக்கு ஈடு | புரதம் |
|---|---|---|---|---|
| மக்காச்சோளம் | 880 கிராம் | 12 மெகாஜூல் | 1 கிலோ | 80–90 கிராம் |
| மொலாசஸ் | 740 கிராம் | 8 மெகாஜூல் | 1.5 கிலோ | மிகக் குறைவு |
| காய்ந்த மரவள்ளித் திப்பி (ஜவ்வரிசி ஆலையில் மிஞ்சும் சக்கை) | 880 கிராம் | 9.5 மெகாஜூல் | 1.25 கிலோ | மிகக் குறைவு |
| உருளைக்கிழங்கு | 200 கிராம் | 2.6 மெகாஜூல் | 4.5 கிலோ | 20 கிராம் |
| கேரட் | 120 கிராம் | 1.5 மெகாஜூல் | 8 கிலோ | 10 கிராம் |
| முட்டைக்கோஸ் வெளி இலை | 90 கிராம் | 1 மெகாஜூல் | 12 கிலோ | 15–20 கிராம் |

இதை வைத்து நீங்களே போட வேண்டிய கணக்கு ஒன்று உண்டு. ஏற்றுக்கூலி, இறக்குக்கூலி சேர்த்து ஒரு கிலோ என்ன விலை ஆகிறதோ, அதை அட்டவணையில் எரிசக்திக்கு நேரே உள்ள மெகாஜூல் எண்ணால் வகுங்கள். உதாரணமாக மேட்டுப்பாளையத்திலிருந்து மேலே வர கிலோவுக்கு 3 ரூபாய் ஆகிறது என்று வைத்துக்கொண்டால், மக்காச்சோளத்தில் ஒரு மெகாஜூலுக்கு 25 காசு வண்டிச் செலவு. மொலாசஸில் 37 காசு. பாகில் கால் பங்குக்கு மேல் தண்ணீர், அந்தத் தண்ணீருக்கும் நீங்கள்தான் வண்டி வாடகை கொடுக்கிறீர்கள். மலையில் இறங்கும் விலை மக்காச்சோள விலையில் மூன்றில் இரண்டு பங்குக்குக் கீழே இருந்தால்தான் மொலாசஸ் எரிசக்திக் கணக்கில் சமமாகவே வரும். புரதத்தை இன்னும் சேர்க்கவில்லை.

## மொலாசஸையே முதன்மைத் தீவனமாக வைப்பது

இது கற்பனை இல்லை. கியூபாவில் செய்து காட்டியிருக்கிறார்கள். 1960-களின் கடைசியில் டி. ஆர். பிரஸ்டன் அங்கே இருந்த கால்நடை அறிவியல் நிறுவனத்தில் உருவாக்கிய முறை அது. மொலாசஸில் சுமார் 3 சதவீதம் யூரியாவைக் கரைத்து மாடு வேண்டிய அளவு நக்க விட்டார்கள். பசும்புல்லை அளவோடு கொடுத்தார்கள். கூடவே மீன் தூள். நாளுக்கு 800 கிராம் அளவுக்கு எடை ஏறியது. தானியம் இறக்குமதி செய்ய வழியில்லாத, கரும்பு குவிந்து கிடந்த நாட்டுக்கு அது சரியான விடை.

ஆனால் அந்த மீன் தூளைக் கவனியுங்கள். அது ஏன் தேவைப்பட்டது என்பதில்தான் மொலாசஸின் பலவீனம் இருக்கிறது. பாகில் இருப்பது சர்க்கரை. முதல் வயிற்றில் சர்க்கரை நொதிக்கும்போது பியூட்ரிக் அமிலம் கூடுதலாகவும் புரோப்பியோனிக் அமிலம் குறைவாகவும் உண்டாகின்றன. மாட்டின் ஈரல் புரோப்பியோனிக் அமிலத்திலிருந்துதான் பெரும்பாலும் குளுக்கோஸ் செய்துகொள்கிறது. குளுக்கோஸ் போதாமல் போனால், வந்த எரிசக்தி சதையாக மாறாமல் சூடாகக் கழிகிறது. மக்காச்சோள மாவுச்சத்து இதற்கு நேர்மாறு: புரோப்பியோனிக் அமிலம் நன்றாக வரும், கொஞ்சம் மாவுச்சத்து முதல் வயிற்றைக் கடந்து குடலிலேயே நேராகக் குளுக்கோஸாகவும் கிடைக்கும்.

1960-இல் அமெரிக்காவில் லோஃப்கிரீனும் ஒட்டகாகியும், கொழுக்கும் மாடுகளை அறுத்து உடலில் சேர்ந்த எரிசக்தியை அளந்து பார்த்தார்கள். தீவனத்தில் மொலாசஸ் 10 சதவீதம் இருக்கும்போது கிடைத்த பயன், அதற்கு மேல் கூட்டக் கூட்டக் கிலோவுக்குக் குறைந்துகொண்டே போனது. அதாவது முதல் அரைக்கிலோ மொலாசஸும் நான்காவது அரைக்கிலோவும் ஒரே விலை, ஆனால் ஒரே மதிப்பு இல்லை. நார்த்தீவனம் அதிகம் தின்னும் நம் மாடுகளுக்கு இன்னொரு இழப்பும் உண்டு. சர்க்கரை மிகுந்தால் நாரைச் செரிக்கும் நுண்ணுயிர்கள் பின்தங்கிவிடும், வைக்கோல் பாதி செரிக்காமல் சாணத்தில் வரும்.

கியூபாவில் புல் குறைந்தபோதெல்லாம் மாடுகள் தள்ளாடின, கண் தெரியாமல் சுவரில் தலையை முட்டி நின்றன. அங்கே அந்த நோய்க்குக் 'குடிபோதை' என்றே பெயர் வைத்தார்கள். மூளைக்கு எரிசக்தி போய்ச் சேராததால் வருவது அது. உடனே மொலாசஸை நிறுத்திப் புல் போட வேண்டும், மருத்துவரைக் கூப்பிட வேண்டும்.

மலையில் இதற்கு மேலும் செலவுகள் உண்டு. தமிழ்நாட்டில் மொலாசஸ், சாராயம் காய்ச்சப் பயன்படும் பொருள் என்பதால் மதுவிலக்கு ஆயத்தீர்வைத் துறையின் கட்டுப்பாட்டில் இருக்கிறது. டிரம் டிரம்மாக வாங்கி வைப்பதென்றால் முதலில் அனுமதி விஷயத்தைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். 200 லிட்டர் டிரம் ஏறக்குறைய 280 கிலோ கனம். தேயிலைச் சரிவில் இருக்கும் தொழுவத்துக்கு அதை எப்படி இறக்குவீர்கள்? மார்கழிக் குளிரில் பாகு தார் போல இறுகிவிடும், வாளியில் ஊற்றவே வராது. வெந்நீர் கலந்தால் இளகும், ஆனால் தண்ணீர் கலந்த பாகு ஓரிரு நாளில் நொதித்துப் புளித்துவிடும். டிரம்மையே அடுப்பில் சூடாக்குவது ஆபத்து, சத்தும் கெடும். கோத்தகிரி, குன்னூர்ப் பக்கம் இருப்பவர்களுக்குக் கரடி பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. வெல்லத்துக்கும் எண்ணெய்க்கும் கடைக் கதவையே உடைக்கிற கரடி, பாகு டிரம்மை விட்டுவைக்காது. பூட்டுள்ள அறை இல்லாதவர்கள் இதை நினைக்கவே வேண்டாம்.

எனவே முதன்மைத் தீவனம் என்ற வகையில் என் முடிவு தெளிவு: நீலகிரிக்கு இது வேண்டாம். சர்க்கரை ஆலை பக்கத்தில் இருக்கும் சத்தியமங்கலத்துக்காரருக்கு வேறு கணக்கு வரலாம்.

## மொலாசஸ் கொஞ்சம், யூரியாவோடு

இங்கேதான் பாகு தன் விலைக்கு மேல் வேலை செய்கிறது.

டிசம்பர் முதல் பிப்ரவரி வரை உறைபனி விழுந்து கிக்கூயு புல் கருகி மஞ்சளாகிவிடும். அப்போது மாடு தின்பது கருகிய புல்லும், கீழேயிருந்து வந்த வைக்கோலும்தான். இரண்டிலும் புரதம் இல்லை. நைட்ரஜன் இல்லாமல் வயிற்று நுண்ணுயிர்கள் பெருகாது. அவை பெருகாமல் நார் செரிக்காது. நார் செரிக்காமல் வயிறு காலியாகாது, மாடு அடுத்த கவளம் எடுக்காது. வயிறு நிறைந்திருக்கும், உடம்பு இளைக்கும். 30 கிராம் யூரியா, 86 கிராம் புரதத்துக்கு ஈடான நைட்ரஜனைத் தரும். அதை நுண்ணுயிர் பிடித்துக்கொள்ள உடனடி எரிசக்தி வேண்டும், அதற்குத்தான் பாகு. இங்கே மொலாசஸை அதன் சொந்த எரிசக்திக்காக வாங்குவதில்லை. வைக்கோலில் அடைபட்டுக் கிடக்கும் எரிசக்தியைத் திறக்க வாங்குகிறோம்.

200 கிலோ கன்றுக்கு நான் செய்வது: 3 கிலோ வைக்கோல், அதன்மேல் 400 கிராம் மொலாசஸும் 30 கிராம் யூரியாவும் ஒன்றரை லிட்டர் தண்ணீரில் முழுக்கக் கரைத்துத் தெளிப்பது. முதல் வாரம் 10 கிராம் யூரியா, மூன்று வாரத்தில்தான் 30. தாது உப்புக் கலவை கட்டாயம், ஏனென்றால் பாகில் பாஸ்பரஸ் இல்லையென்றே சொல்லலாம். ஆறு மாதத்துக்குக் குறைந்த கன்றுக்கும், பட்டினி கிடந்து வந்த மாட்டுக்கும் யூரியா காட்டவே கூடாது.

கரைக்கத் தெரியாதவர்களுக்கு யூரியா மொலாசஸ் தாதுக்கட்டி இருக்கிறது. 1980-களில் தேசிய பால்வள மேம்பாட்டு வாரியம் நம் நாட்டில் பரப்பியது. மாடு நக்கி நக்கித்தான் எடுக்க முடியும் என்பதால் ஒரேயடியாக அதிகம் போகாது. கட்டியை எடுத்துப் போவது எளிது, டிரம் வேண்டாம், பூட்டி வைப்பதும் சுலபம். மலை வீட்டுக்கு இதுவே சரியான வடிவம் என்பேன்.

ஆனால் மழையில் கவனம். சில வருடத்துக்கு முன் ஐப்பசி மழையில் எங்கள் தொழுவக் கூரை ஒழுகி, தாதுக்கட்டி வைத்திருந்த தொட்டியில் தண்ணீர் தேங்கிவிட்டது. கட்டி கரைந்த தண்ணீரை ஒரு கன்று குடித்தது. அரைமணி நேரத்தில் வாயில் நுரை, உடம்பெல்லாம் உதறல். வினிகரும் குளிர்ந்த தண்ணீரும் ஊற்றினோம், பிழைக்கவில்லை. தப்பு என்னுடையது, தொட்டியில் ஒரு ஓட்டை போட்டிருந்தால் தண்ணீர் நின்றிருக்காது. அன்றிலிருந்து எங்கள் தொழுவத்தில் ஓட்டை இல்லாத நக்குத் தொட்டி கிடையாது.

பசும்புல் செழித்திருக்கும் ஜூன் முதல் நவம்பர் வரை இந்த முறைக்கு வேலையே இல்லை. இளம்புல்லிலேயே நைட்ரஜன் இருக்கிறது, யூரியாவைக் கூட்டினால் சிறுநீரில்தான் போகும்.

## மக்காச்சோளமும் அடர்தீவனமும்

விலை அதிகம் என்பதைத் தவிர இதன்மேல் பெரிய குறை இல்லை. மலையேறத் தகுதியான தீவனம் இதுதான், தண்ணீர் குறைவு, சத்து அடர்த்தி. 200 கிலோ கன்றுக்கு 2 கிலோ அடர்தீவனம் (மக்காச்சோளக் குருணையோடு புண்ணாக்குக் கலந்தது), 12 கிலோ பசும்புல், 1 கிலோ வைக்கோல் என்றால் மொத்தம் 47 மெகாஜூல் வரும். உயிர் நிற்க 27 போக, மிச்சம் 20. அது நாளுக்கு 550 கிராம் எடைக்குச் சமம்.

மக்காச்சோளத்தை மட்டும் அரைத்துப் போடுவது பணத்தைத் தொலைக்கும் வழி. 9 சதவீதப் புரதத்தில் வளரும் கன்று சதை பிடிக்காது. கடலைப் புண்ணாக்கோ பருத்திக்கொட்டைப் புண்ணாக்கோ கால் பங்காவது சேர வேண்டும். மாவாக நைய அரைக்காதீர்கள், குருணையாக உடைத்தால் போதும். நைஸ் மாவு வயிற்றைப் புளிக்க வைக்கும். மழைக்காலத்தில் மூட்டை ஈரம் இழுத்துப் பூஞ்சை பிடிக்கும், பூஞ்சை பிடித்த மக்காச்சோளத்தில் அஃப்லாடாக்சின் நஞ்சு சேரும். மரப்பலகை மேல், சுவரைத் தொடாமல் அடுக்குங்கள். ஒரு மாதத் தேவைக்கு மேல் வாங்க வேண்டாம்.

கடையில் விற்கும் குச்சித் தீவனத்தில் பெரும்பாலும் கொஞ்சம் மொலாசஸ் ஏற்கெனவே கலந்திருக்கும். பாகின் நல்ல பயனை டிரம் இல்லாமலே பெற அது ஒரு வழி.

மரவள்ளித் திப்பி பற்றிக் கேட்பவர்களுக்கு ஒரு வரி: சேலம் பக்கத்திலிருந்து நன்றாகக் காய்ந்து வந்தால் மக்காச்சோளத்தில் பாதிக்கு அதைப் போடலாம், புண்ணாக்கைக் கூட்டிவிட்டு.

## கேரட், உருளை உடைசல்

கேரட் கழுவும் மெஷின் பக்கத்தில் வீடு இருந்தால் இது வரம். கேத்தி பாலாடா, முத்தோரைப் பக்கம் ரகம் பிரித்த பிறகு பிளந்ததும் உடைந்ததும் குவியும். அங்கிருந்து அரைக் கிலோமீட்டருக்குள் இருப்பவர் அதை விடக்கூடாது. ஆனால் வண்டி வைத்து ஏற்றும் தூரம் வந்ததும் கணக்கு தலைகீழாகும். கிலோவுக்கு 1 ரூபாய் வண்டிச் செலவு ஆனாலே, 1 கிலோ மக்காச்சோளத்துக்கு ஈடான கேரட்டுக்கு 8 ரூபாய் வாடகையாகவே போய்விடும். சுமக்கும் ஆளின் முதுகையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எங்கள் வீடுகளில் அது பெரும்பாலும் அம்மாவோ மனைவியோ. அந்தக் கூலியைப் பூஜ்யம் என்று போடுவதை நான் ஏற்பதில்லை.

இன்னொரு விஷயம். கேரட்டிலும் இருப்பது சர்க்கரைதான். கேரட் போடுபவர் மொலாசஸும் வாங்கினால் சர்க்கரை மேல் சர்க்கரை. அவருக்கு வேண்டியது புண்ணாக்கு.

உருளைக்கிழங்கு மாவுச்சத்து உள்ளது, எரிசக்திக்குக் கேரட்டைவிட மேல். ஆனால் முழுக்கிழங்கு தொண்டையில் அடைத்தால் மாடு உப்பிச் செத்துவிடும், நறுக்காமல் போடாதீர்கள். பச்சை ஓடியது, முளை விட்டது இரண்டிலும் சோலனைன் நஞ்சு உண்டு, ஒதுக்கிவிடுங்கள். கன்றுக்கு நாளைக்கு ஒரு கிலோவில் தொடங்கி 4 கிலோவில் நிறுத்தலாம். முட்டைக்கோஸ் இலையை வயிறு நிரப்பியாக மட்டும் பாருங்கள். வெறும் வயிற்றில் நிறையப் போட்டால் உப்புசம் வரும்.

மருந்து அடிப்பதை மறைத்துப் பேச எனக்கு விருப்பமில்லை. நம் மலைக் காய்கறியில் அடிக்கும் அளவு நமக்கே தெரியும். மருந்து தங்குவது வெளி இலையில்தான் அதிகம். யார் தோட்டத்து இலை, கடைசியாக எப்போது அடித்தது என்று தெரியாவிட்டால் அந்த இலையை எருக்குழியில் போடுங்கள், மாட்டுக்கு வேண்டாம்.

## யாருக்கு எது

பாலாடாத் தம்பிக்கு: மெஷின் பக்கத்தில்தான் இருக்கிறீர்கள். கன்றுக்கு 8 கிலோ கேரட், 3 கிலோ நறுக்கிய உருளை, அரைக்கிலோ கடலைப் புண்ணாக்கு, தாது உப்பு, மீதிக்குப் புல். மொலாசஸ் வேண்டாம். கேரட் வரத்து நிற்கும் வாரத்துக்கு மட்டும் ஒரு மூட்டை மக்காச்சோளம் கையிருப்பில் வையுங்கள், இல்லையென்றால் அந்த வாரம் ஏறியது இறங்கிவிடும்.

கோத்தகிரிக்காரருக்கு: தேயிலை நடுவில் புல் குறைவு, வைக்கோல்தான் ஆதாரம் என்கிறீர்கள். பனிக்காலத்தில் தாதுக்கட்டி, கூடவே ஒன்றரைக் கிலோ அடர்தீவனம். டிரம் வேண்டாம், கரடி போதும்.

கூடலூர்க்காரருக்கு: உங்களுக்கு உயரம் குறைவு, பனி இல்லை, புல் அநேகமாக ஆண்டு முழுக்க உண்டு, மழைதான் எதிரி. யூரியா பக்கமே போகாமல் புல்லும் அடர்தீவனமும் வையுங்கள், பணத்தைக் கூரைக்குப் போடுங்கள்.

கறவை வற்றிய இளைத்த பசுவுக்கு 600 கிராம் வேகம் தேவையில்லை. சினையாக இருந்தால் மெதுவாகத் தேறுவதே நல்லது.

எதைத் தேர்ந்தாலும் அளந்து பாருங்கள். எடை மேடை இல்லாவிட்டால் டேப் போதும். முன்னங்கால் பின்னால் மார்புச் சுற்றளவை அங்குலத்தில் எடுத்து, அதை அதாலேயே பெருக்கி, தோள் முனையிலிருந்து வாலுக்குப் பக்கத்தில் துருத்தும் புட்ட எலும்பு முனை வரையுள்ள நீளத்தாலும் (அதுவும் அங்குலத்தில்) பெருக்கி, 660-ஆல் வகுத்தால் கிலோ வரும். காலையில் தண்ணீர் காட்டும் முன், 15 நாளுக்கு ஒரு முறை, ஒரே ஆள் கையால். ஒரே டேப் எடையை நம்ப வேண்டாம், இரண்டு மூன்று அளவுகளின் போக்கைப் பாருங்கள். 30 நாளில் 10 கிலோகூட ஏறவில்லையென்றால் தீவனத்தைக் கூட்டும் முன் குடற்புழு மருந்து கொடுத்து எத்தனை மாதம் ஆனது என்று பாருங்கள்.